சுடலைவடிவு, வலது கண்

பிப்ரவரி 4, ஞாயிறு

ரத்தக்கொதிப்பு 160-க்கு 100. என்னோடு படித்தவள், இப்போது இதய மருத்துவர், போனிலேயே திட்டித் தீர்த்தாள். உப்பைக் குறை, கோபத்தைக் குறை, தினமும் நாலு வரி எழுது என்றாள். உப்பளங்களுக்கு நடுவே குடியிருந்துகொண்டு உப்பைக் குறைப்பதாவது. கோபத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆகவே நாலு வரி.

இன்று சங்குமேட்டில் கண் முகாம். பள்ளிக்கூட வராந்தாவில் 214 பேரைப் பார்த்தேன். பாதிக்கு மேல் உப்பளத் தொழிலாளிகள். வெயில் உப்பில் பட்டு முகத்தில் தெறிக்கிற ஊரில் நாற்பதைத் தாண்டினாலே கண்ணில் புரை விழுந்துவிடுகிறது. 38 பேருக்கு ஆபரேஷன் எழுதி, பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தாயிற்று. முகாம் ஏற்பாட்டாளர் கனியப்பனிடம் மைக்கைக் கொடுத்தது என் தப்பு. "ஒரு ஆளுக்கு ஒரு கண்ணு இலவசம்" என்று காலை முழுக்கக் கத்திக்கொண்டிருந்தார். ஒரு தடவைக்கு ஒரு கண், மறு கண்ணை அடுத்த மாதம் செய்வோம், அதுவும் இலவசம் என்று திருத்தச் சொன்னேன். தலையை நன்றாக ஆட்டிவிட்டு அதையே மறுபடி கத்தினார்.

எந்தக் கண்ணில் செய்ய வேண்டுமோ அந்தப் புருவத்துக்கு மேல் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டுவது எங்கள் வழக்கம். பஸ் முழுக்க பிளாஸ்டர் நெற்றிகள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தான்.

பிப்ரவரி 5, திங்கள்

38 கண்கள். ஏழரைக்கு ஆரம்பித்தேன், ஒன்றேகாலுக்கு முடித்துவிட்டேன். இந்தப் பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு வேகம் வந்ததில்லை.

காரணம் எளிது. தவமணியின் ஓதலை நிறுத்தினேன். தவமணி எங்கள் தியேட்டர் சிஸ்டர், ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து என்னோடு இருப்பவள். நோயாளியை மேசையில் படுக்க வைத்ததும் சார்ட்டைப் பிரித்து, பேர் என்ன, ஊர் என்ன, எந்தக் கண், லென்ஸ் என்ன பவர் என்று சத்தமாக வாசிப்பாள். நோயாளி ஆமாம் என்று சொல்ல வேண்டும், பிறகு நான் திருப்பிச் சொல்ல வேண்டும். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாசிப்பது மாதிரி இருக்கும். இன்றைக்குப் பத்து மணிக்கு கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் புகைகிறது, வெளியே இருபது பேர் சாப்பிடாமல் காத்திருக்கிறார்கள்.

"இன்னைக்கு வாசிக்க வேண்டாம் தவமணி. நெத்தியில பிளாஸ்டர் இருக்கே, அது தெரியாதா எனக்கு?" என்றேன்.

"சரி மேடம்" என்று சார்ட்டை மூடினாள். அதன் பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டில் மிக்சி புகைந்து நின்றுவிட்டது. இன்று எல்லாமே புகைகிறது. ஓட்டலில் இட்லி.

பிப்ரவரி 6, செவ்வாய்

கட்டு அவிழ்க்கிற காலைதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த நேரம். முதலில் எல்லாரும் கண்ணைச் சுருக்குவார்கள், பிறகு எதிரே இருப்பவரை முறைத்துப் பார்ப்பார்கள், பிறகு பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். இன்றைக்கு சுடலைவடிவு என்று ஓர் அம்மாள், ஐம்பத்தெட்டு வயது, உப்பு வாருகிறவர். கட்டை எடுத்து அரை நிமிஷம் ஆகியிருக்காது.

"சிஸ்டரு, உங்க மூக்குத்தியில ஒரு கல்லு உதுந்திருக்கு பாத்தியளா?"

தவமணி தொட்டுப் பார்த்தாள். உதிர்ந்துதான் இருந்தது. வார்டே சிரித்தது.

அவர் சார்ட்டில் வலது கண் என்று எழுதியிருக்கிறது. நான் அவிழ்த்தது இடது கண் கட்டை. யாரோ அவசரத்தில் மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிறார்களா இங்கே? தவமணியிடம் சொல்லித் திருத்த வேண்டும். 38 பேரும் சாயங்கால பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

பிப்ரவரி 7, புதன்

சார்ட்டில் இருப்பது என் கையெழுத்து.

பிப்ரவரி 8, வியாழன்

சரி, எழுதிவிடுகிறேன்.

வலது கண்ணில் புரை முற்றி வீங்கியிருந்தது. டார்ச் அடித்தால் நாலு பக்கத்திலிருந்தும் வெளிச்சத்தைச் சரியாகக் காட்டினார், அதாவது உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறது. அதனால்தான் அந்தக் கண்ணை முதலில் செய்ய எழுதினேன். இடது கண்ணில் லேசான புரைதான், இன்னும் ஒரு வருஷம் தாங்கும். நான் செய்தது இடது கண்ணை. வலது கண்ணுக்கு அளந்த லென்ஸ் இடது கண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் அரைப் பவர்தான் வித்தியாசம், அந்த மட்டும் தப்பித்தோம்.

சிக்கல் வலது கண்ணில். வீங்கின புரை கண்ணுக்குள் தண்ணீர் ஓடும் வழியை அடைத்துவிட்டால் அழுத்தம் ஏறும். ஏறினால் சில நாளில் நரம்பு செத்துப்போகும். பிறகு யார் ஆபரேஷன் செய்தாலும் பார்வை திரும்பாது. அது நாளைக்கு நடக்கலாம், ஆறு மாதம் கழித்து நடக்கலாம், நடக்காமலே போகலாம். பெரும்பாலும் உடனே நடக்காது.

தவமணிக்கு மெமோ கொடுத்தேன். எந்தக் கண் என்று சரிபார்க்கத் தவறியது ஏன், எழுத்தில் விளக்கம் தரவும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். நேரே வார்டுக்குப் போய்ச் சொட்டு மருந்து ஊற்ற ஆரம்பித்துவிட்டாள்.

மத்தியானம் லென்ஸ் அலமாரியைக் கலைத்து, அத்தனை பெட்டிகளையும் பவர் வாரியாக அடுக்கினேன். ஏற்கெனவே பவர் வாரியாகத்தான் இருந்தன.

பிப்ரவரி 9, வெள்ளி

டிரஸ்ட் தலைவர் போன் செய்தார். இரண்டாவது தியேட்டர் கட்டித் தருவதாகச் சொன்ன சென்னைக்காரர்கள் புதன்கிழமை பார்க்க வருகிறார்களாம். "எல்லாம் நல்லபடியா போகுதுல்ல டாக்டர்?"

"போகுது சார்."

பொய் இல்லை. 37 பேருக்கு நல்லபடியாகத்தான் போகிறது.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை சங்குமேட்டில் ஒரு வாரப் பரிசோதனை. சுடலைவடிவும் வருவார். "மறு கண்ணையும் சட்டுனு பண்ணிரலாம்க்கா, வண்டியில ஏறுங்க" என்று கூட்டி வந்துவிட வேண்டியது. எல்லாருக்கும் இரண்டாவது கண் செய்வதுதானே, இவருக்குக் கொஞ்சம் முன்னால் செய்கிறோம், அவ்வளவுதான். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. நாலு நாளில் ஒன்றும் ஆகிவிடாது.

பிப்ரவரி 11, ஞாயிறு

பிளாஸ்டர் எப்படி இடது பக்கம் போனது? இதுதான் மண்டையைக் குடைகிறது. முகாமில் வலது புருவத்துக்கு மேல் ஒட்டினதை நானே பார்த்தேன்.

காலையில் அதே பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி என் நெற்றியில் ஒட்டிக்கொண்டேன். சமைத்தேன், வியர்த்தேன், தலைக்குக் குளித்தேன். இம்மி நகரவில்லை. அதை மறந்து பால் வாங்கப் போய்விட்டேன். கடைக்காரர், "என்ன டாக்டரம்மா, நெத்தியில அடியா? பாத்து நடக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு பால் பாக்கெட்டோடு ஒரு ரொட்டியும் சும்மா கொடுத்தார்.

ஆக, அது தானாக நகரவில்லை. யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். வார்டு ஆயாவா? அந்த டிரைவரா? கண்டுபிடித்தால் சும்மா விடமாட்டேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

37 பேர் வந்தார்கள். சுடலைவடிவு வரவில்லை.

"அவிய அளத்துக்குப் போயிட்டாவ மேடம்," என்றார் கனியப்பன். "கண்ணு நல்லாத் தெரியுதாம். பொறவு எதுக்கு வரணும்ங்காவ."

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. அவர் வேலை செய்கிற அளம் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர். வண்டி என்னிடம் இருந்தது, டிரைவர் சும்மா உட்கார்ந்திருந்தான். நாளைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், தரை கழுவ வேண்டும், திரைச்சீலை மாற்ற வேண்டும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 14, புதன்

சென்னைக்காரர்கள் நாலு பேர். எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினேன். கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார், "ஒரே நாள்ல இவ்ளோ பேர் பண்றீங்களே, கண்ணு மாறிப்போக வாய்ப்பு இல்லையா டாக்டர்?"

நான் கொஞ்சமும் தடுமாறவில்லை. "எங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்கு சார். ஒவ்வொரு ஆளுக்கும் பேரையும் கண்ணையும் சத்தமா வாசிச்சு, அவங்களும் ஆமான்னு சொன்ன பிறகுதான் கத்தியையே கையில எடுப்போம். இது எங்க சிஸ்டர் தவமணி கொண்டு வந்த பழக்கம்."

தவமணி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

அவர்கள் வண்டி கிளம்பியதும் என் மேசையில் ஒரு தாளை வைத்தாள். மெமோவுக்குப் பதில். "வாசிக்க வேண்டாம் என்று மேடம் சொன்னதால் வாசிக்கவில்லை. இருந்தாலும் நான் வாசித்திருக்க வேண்டும். தவறு என்னுடையதும்தான்."

என்னுடையதும்தான். அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

"ஏன் தவமணி, இத்தனை நாள் என்கிட்ட வந்து சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன் மேடம்."

அப்புறம் அவள் அழுதாள். நானும் அழுதேன். இதில் இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கு மேசையில் அந்தப் புரையை வெளியே எடுத்தபோது, முற்றின புரை என்றல்லவா எழுதியிருந்தேன், இது இவ்வளவு இளசாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது, அடுத்த மேசைக்குத் திரும்பிவிட்டேன். தவமணியின் அந்த அரை நிமிஷத்தை மட்டுமல்ல, என் சொந்தச் சந்தேகத்தையும் நான் வேகத்துக்காகத் தள்ளிவிட்டேன். மெமோவைக் கிழித்தேன். நாளைக் காலையில் அளத்துக்குப் போகிறோம்.

பிப்ரவரி 15, வியாழன்

எட்டரை மணிக்கே அளம் தகித்தது. பாத்திகளில் உப்பு பூத்திருக்கிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை. தூரத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் பலகையால் உப்பை வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் மட்டும் ஒரு துணியை வலது கண்ணோடு சேர்த்துத் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் பலகையைப் போட்டுவிட்டு எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். நடை ஓட்டமானது.

"அக்கா, நில்லுங்க" என்று நானும் வரப்பில் ஓடினேன். நாற்பத்தொன்பது வயதில், சேலையில், வழுக்குகிற வரப்பில். ஒரு கால் பாத்திக்குள் போய் செருப்பு மாட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். பம்ப்செட் கொட்டகைப் பக்கத்தில் அவர் தானாகவே நின்று வாந்தி எடுத்தார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். வரும் வழியெல்லாம் வேனில் தயார் செய்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "நான் தப்பான கண்ணுல ஆபரேஷன் பண்ணிட்டேன்க்கா. வலது கண்ணுல பண்ணியிருக்கணும். என் தப்பு" என்றேன்.

சுடலைவடிவு என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு டாக்டரம்மா உங்க மேல போட்டுக்கிடுதிய? அது நாந்தான்."

"என்னது?"

"நாந்தான் பஸ்ஸுல வச்சுப் பிச்சு இந்தப் பக்கம் ஒட்டிக்கிட்டேன். ஒரு ஆளுக்கு ஒத்தக் கண்ணுதான் இலவசம்னு மைக்குல சொன்னாவல்லா. அந்தக் கண்ணு செத்து ரெண்டு வருசமாச்சு. செத்ததுக்கு வைத்தியம் பாத்து என்ன பண்ண? இருக்கதும் மங்கிக்கிட்டே வருது. கங்காணிக்குத் தெரிஞ்சா நாளைலேர்ந்து வராதன்னு சொல்லிப்புடுவாரு. அதான் உசுரோட இருக்க கண்ணுக்கு மாத்திக்கிட்டேன். நீங்க கண்டுபிடிச்சிருவியன்னு பயந்துதான் செவ்வாக்கெழம வரல்ல."

"இப்ப இந்தக் கட்டு எதுக்கு?"

"நாலு நாளா வலி டாக்டரம்மா. மண்டையப் பொளக்கு. உங்கள ஏமாத்துனதுக்கு சாமி குடுத்ததுன்னு கடை மாத்திரையப் போட்டுக்கிட்டுக் கெடக்கேன்."

துணியை அவிழ்த்தேன். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. மூடின இமை மேல் விரல் வைத்துப் பார்த்தால் கோலிக்குண்டு மாதிரிக் கல்லாக இருந்தது. ஏறவே ஏறாது என்று நான் ஆசைப்பட்ட அழுத்தம் ஏறி நாலு நாளாகிவிட்டது. நான் பிளாஸ்டரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு விளையாடின ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்திருக்கிறது.

"என்ன டாக்டரம்மா, எதுவும் ஆயிருச்சா?"

"அழுத்தம் ஏறியிருக்கு. உடனே கொறைக்கணும். மத்ததைப் பொறவு பேசலாம், வண்டியில ஏறுங்க" என்றேன். தவமணி அவரைத் தாங்கிக்கொண்டு வந்தாள். நான் ஒற்றைச் செருப்போடு பின்னால் நடந்தேன்.

ஒன்றை எழுதாவிட்டால் இந்த நோட்டே பொய். "அது நாந்தான்" என்று அவர் சொன்னபோது எனக்குள் ஏதோ லேசானது. அப்பாடா, என் தப்பில்லை என்று ஒரு நொடி நிஜமாகவே தோன்றியது. வண்டி மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் அது போய்விட்டது. அன்றைக்கு தவமணி "வலது கண்" என்று வாசித்திருந்தால் இவர் வாயைத் திறந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். அப்போதே எல்லாம் வெளியே வந்திருக்கும்.

பிப்ரவரி 16, வெள்ளி

நேற்று முழுக்க மருந்து ஏற்றி அழுத்தத்தைக் குறைத்தோம். இன்று காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். ஒரே ஒரு கண், வேறு யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. தவமணி வாசித்தாள், சுடலைவடிவு ஆமாம் என்றார், நான் திருப்பிச் சொன்னேன். நாற்பது நிமிஷம் ஆனது. பழுத்து வீங்கின புரை, உரலில் ஒட்டின மாவு மாதிரி விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. லென்ஸ் சரியாக உட்கார்ந்தது. வேலையில் ஒரு குறையும் இல்லை.

தலைவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "இதை ஏன் டாக்டர் வெளியில சொல்லணும்?" என்றார். சென்னைக்காரர்களுக்கும் எழுதியாயிற்று என்றேன். போனை வைத்துவிட்டார்.

ஒரு வேலையும் ஓடவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஆபரேஷன் நன்றாக நடந்தால் போதுமா, நரம்பு தாங்கியிருக்க வேண்டுமே. வார்டுக்கு ஆறு தடவை போய்க் கட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். கடைசியில் தவமணி, "தூங்க விடுங்க மேடம் அவங்கள" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

பிப்ரவரி 17, சனி

ஏழு மணிக்குக் கட்டை அவிழ்த்தேன். இடது கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன்.

"என்ன தெரியுதுக்கா?"

"வெளிச்சம் தெரியுது." ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். "வெள்ளையா ஒராள் நிக்காவ."

"யாருன்னு தெரியுதா?"

"தெரியல்ல."

நின்றுகொண்டிருந்தது தவமணி, நாலடி தூரத்தில். விரல்களைக் காட்டினேன். எண்ண முடியவில்லை. கை அசைவது மட்டும் தெரிந்தது. உள்ளே நரம்பைப் பார்த்தேன், வெளுத்திருந்தது. பெரிய விளக்கில் இன்னொரு தடவை பார்த்தேன். அதே வெளுப்பு.

வார்டில் இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள். தனி அறைக்குக் கூட்டிப் போய்ச் சொல்லலாம் என்று தவமணி ஜாடை காட்டினாள். வேண்டாம் என்று கட்டிலில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இனிமேல் இந்தக் கண்ணுக்கு இவ்வளவுதான், இதற்கு மேல் தெளியாது என்று சொன்னேன். முகாமுக்கு வந்த வாரத்தில் செய்திருந்தால் தவமணியின் மூக்குத்திக் கல்லை இந்தக் கண்ணாலும் எண்ணியிருப்பீர்கள் என்று சொன்னேன். புதன்கிழமையே எனக்குத் தெரியும், வெளியே தெரிந்தால் மானம் போகுமென்று ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டேன் என்றும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை உங்கள் ஊருக்கு வந்தும் உங்களைப் பார்க்காமல் திரும்பினேன் என்பதையும் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

சுடலைவடிவு திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தன் கையாலேயே இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார், பிறகு தவமணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கண்ணு சாவல்லியா?"

"இல்லக்கா. முகாம்ல பாக்கும்போது உயிரோடதான் இருந்துச்சு."

"நீங்க அன்னைக்கு லைட்டு அடிச்சுப் பாத்தியளே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் கண்ணிலிருந்து கையை எடுத்தார்.

"ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா டாக்டரம்மா. நான் எதுக்கு பிளாஸ்டர மாத்தப்போறேன்?"

அன்றைக்கு அவர் கண்ணைப் பார்த்து முடித்ததும் சார்ட்டில் ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதினேன். அவரிடம் நான் சொன்னது, "அடுத்த ஆள் வாங்க."